கையைக் கடிக்காமல் ஊட்டி போய்வர: முதல்முறை போகிறவர்களுக்கு

ஊட்டி போய்வந்தவர்களைக் கேட்டால், "ஒரே கூட்டம், பணம் தண்ணியா போச்சு" என்பார்கள். எப்போது போனீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் மே மாதம், காரில் போயிருப்பார்கள். லாட்ஜில் அரை மணி நேரம் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட, காலண்டரைப் பார்த்து மிச்சம் பிடிப்பது சுலபம். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புவதாக வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேதி

ஏப்ரல், மே முதல் சீசன். மலர்க் கண்காட்சி அப்போதுதான் நடக்கும், அறை வாடகை ஏறுவதும் அப்போதுதான். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். அப்போதும் தாவரவியல் பூங்காவில் பூ இருக்கும், குளிரும் இருக்கும், கூட்டம் குறைவு. பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை விட்டதும் கிளம்பிவிடலாம். ஆயுத பூஜையை ஒட்டி மட்டும் வேண்டாம். அக்டோபர் கடைசியில் மழை வலுத்தால் மண் சரிந்து மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

2. டிக்கெட்

புதிதாகப் போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். செப்டம்பர் 26 இரவு சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏற வேண்டுமென்றால் ஜூலை 28 காலையில் உட்கார வேண்டும். அந்த ரயில் விடிந்ததும் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும். அங்கிருந்து மலை ரயில் 7.10-க்கு. ஆனால் அது 27-ஆம் தேதி ரயில்! அதற்கான முன்பதிவு ஜூலை 29 காலையில்தான் திறக்கும். முதல்முறை நான் இரண்டையும் ஒரே தேதியில் போட்டு, மலை ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்து அசடு வழிந்தேன். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் இதே கணக்குதான்.

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் அரை. இரவுப் பயணத்தில் இரண்டு பேர் ஒரு பெர்த்தில் நெளிவதற்கு முழுக் கட்டணமே மேல் என்பது என் கட்சி.

மலை ரயில் கிடைக்கவில்லையா? மனசு விட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டி வரை மட்டும் ரயிலில் போகலாம். அந்தத் தடத்தில் ரயில்கள் கூடுதல்.

3. மூட்டை

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ஸ்வெட்டர், குல்லாவை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே போய் வாங்கினால் அது தனிச் செலவு.

4. மலை ரயில்

46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், 16 குகைப் பாதைகள் (சுரங்கங்கள்). கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வரிசை தொடங்கும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பல்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துப் பிடித்து ஏறும். அந்தக் கடகட சத்தம் குன்னூர் வரைக்கும்தான். அவசரக்காரர்கள் பஸ்ஸில் போய்விடுங்கள். ஹில்குரோவ் நிலையத்தில் இறங்கினால் கையில் பிஸ்கட் பாக்கெட் வேண்டாம். குரங்குகள் நம்மைவிட வேகம்.

5. அறை

வாடகையைக் கேட்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கூடுதல் கம்பளிக்குக் காசு உண்டா, பஸ் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம். ஒரு லாட்ஜில் வெந்நீர் ஆறிலிருந்து ஏழு வரைதான் என்பதை ஏழே காலுக்குத்தான் சொன்னார்கள். தலையில் சோப்புப் போட்டிருந்தேன்.

6. சுற்றுவது

"பத்து இடம் ஒரே நாளில்" என்று டாக்ஸிக்காரர் நீட்டும் அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும். ஒரு நாள் ஊட்டி: காலையில் கூட்டம் சேருமுன் தாவரவியல் பூங்கா, மாலையில் ஏரிக்கரை. இன்னொரு நாள் அரசு பஸ்ஸில் குன்னூர் போய் சிம்ஸ் பூங்கா. நடுவே டீயும் வர்க்கியும். தொட்டபெட்டாவுக்கு மட்டும் ஆட்டோவோ ஜீப்போ பேசலாம். மேகம் மூடியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், மேலே போய்ப் பார்க்க வெள்ளையைத் தவிர ஒன்றும் இருக்காது.

சொந்தக் காரில்தான் போவேன் என்பவர்கள் கிளம்பும் முன்பே இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை.

7. இறக்கம்

திரும்பும்போது பஸ்ஸே சௌகரியம். கோத்தகிரி வழியாக வரும் பஸ் கிடைத்தால் ஏறுங்கள், போன வழியை விட்டு வேறு மலையைப் பார்த்தது போலாகும். வளைவில் பிள்ளைகளுக்குக் குமட்டும். சாப்பிட்ட கையோடு ஏறாதீர்கள், ஒரு எலுமிச்சம்பழம் பையில் இருக்கட்டும். மேட்டுப்பாளையத்தில் இரவு ரயிலுக்கு இரண்டு மணி நேரமாவது மிச்சம் இருக்கும்படி இறங்குங்கள். மலைப்பாதையில் ஒரு லாரி நின்றுவிட்டால், அதற்குப் பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.