தாத்தா காலத்து நிலத்தில் கல்லும் பட்டாளத்து பென்ஷனும்: பழைய சர்க்கார் விதிகளைத் தேடிப் படிக்கும் வழி

தாத்தா பட்டாளத்தில் இருந்தார், அதற்காகக் கொடுத்த நிலம் இது, இப்போது அந்த நிலத்தில் நல்ல கருங்கல் இருக்கிறது, கல் யாருக்குச் சொந்தம்? இந்த மாதிரிக் கேள்வியோடு பழைய விதிகளைத் தேட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் நேராக விகிதத்துக்குத்தான் போகிறார்கள். டன்னுக்கு எத்தனை அணா, மாதம் எத்தனை ரூபாய் பென்ஷன் என்று. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்து விதி எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்த நிலம் எந்த உரிமையில் வந்தது, அந்தச் சிப்பாய் எந்தப் படையில் இருந்தார். இது தெரியாமல் விகிதத்தைக் கண்டுபிடித்தால், அது வேறு யாருக்கோ எழுதிய விதியாக இருக்கும்.

கனிமத்தில் இருந்து தொடங்குவோம். சென்னை மாகாணத்தில் பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் சர்க்காருக்குத்தான் என்று ஒரே வரியில் சொன்ன விதி கிடையாது. வருவாய் வாரியத்தின் நிலையாணைகள் நிலத்தை வகை வகையாகப் பிரித்துத்தான் பேசுகின்றன. ஊர் ஆட்கள் பி.எஸ்.ஓ. என்பார்கள், இப்போது ஆர்.எஸ்.ஓ. கனிம உரிமைக்கு 10-ஆவது நிலையாணையைப் பாருங்கள், நில ஒப்படைக்கு, அதாவது சர்க்கார் நிலத்தைத் தனி ஆளுக்குக் கொடுப்பதற்கு, 15-ஆவது. ரயத்துவாரிப் பட்டா நிலம், அதாவது விவசாயி நேராகச் சர்க்காருக்கே தீர்வை கட்டும் நிலம் என்றால், விவசாயத்துக்குக் கொடுத்த நிலத்தில் கனிமம் எடுக்கும்போது தனித் தீர்வை போட்டு சர்க்கார் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். 1802-ஆம் ஆண்டு 25-ஆவது ரெகுலேஷன்படி நிரந்தரத் தீர்வை செய்த ஜமீன், 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் உரிமைப் பத்திரம் கொடுத்து உறுதி செய்த இனாம் (மானியமாக விட்ட நிலம்), மலபார் பக்கத்து ஜன்மம் நிலம் (பரம்பரை முழு உரிமை நிலம்), இவற்றில் சர்க்கார் கனிமத்துக்கு உரிமை கோரவில்லை.

இது வெறும் பழங்கதை இல்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் இதே நிலையாணையையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசாணைகளையும் தூசி தட்டி எடுத்துப் படித்துத்தான், மலபார் ஜன்மம் நிலத்தில் கனிமம் நிலச் சொந்தக்காரருக்கே என்று சொன்னது. நிலம் யாருடையதோ அடியில் இருப்பதும் பொதுவாக அவருடையது, சட்டப்படி அது அவரிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் வேறு, என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் நம்மூர்க்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள். எங்கள் நிலம் ஜமீன் நிலம், அதனால் கல் எங்களுக்கே என்று 1802-ஐக் காட்டிப் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் (26-ஆம் எண்) எஸ்டேட்டைச் சர்க்காருக்கு மாற்றும்போது காடு, ஆறு, புறம்போக்கு என்று எழுதிய அதே வரியில் சுரங்கம், கனிமம், கல் குவாரி எல்லாவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஆகவே பழைய விதியைப் படித்ததும் நிறுத்தாதீர்கள், அந்த நிலத்துக்கு 1948-க்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

பட்டாளத்துக்காரருக்கு ஒப்படை செய்த நிலம் என்றால் ஒப்படை ஆணையின் பின்பக்கம் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள். பல ஆணைகளில் கனிமத்தையும் கல் எடுக்கும் உரிமையையும் சர்க்கார் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். நிலத்தை இத்தனை வருஷத்துக்கு விற்கக் கூடாது என்பதும் அங்கேதான் இருக்கும். பட்டாவை மட்டும் லேமினேட் செய்து வைத்திருப்பார்கள், ஆணையைத் தொலைத்திருப்பார்கள். தாலுகா அலுவலகத்தில் ஆணை எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். எண் தெரியாவிட்டால் கிராமத்து நிலங்களை சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேராக ஏதாவது குறிப்பு இருக்கிறதா பாருங்கள்.

இதை விடப் பழைய இனமும் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முன்பே பாளையக்காரர்கள் படைச் சேவகத்துக்காக விட்ட அமரம், கட்டுப்படி மானியங்கள். இவை ஒப்படை அல்ல, இனாம். இவற்றைத் தேட வேண்டிய இடம் இனாம் கமிஷன் பதிவேடு. யார் கொடுத்தது, எந்தச் சேவகத்துக்கு, எத்தனை ஏக்கர், கமிஷன் என்ன முடிவு செய்தது என்று பத்தி பத்தியாக இருக்கும்.

சரி, பென்ஷனுக்கு வருவோம். இங்கே இரண்டு வருஷங்களை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. 1858 வரை கம்பெனிப் படை, அதற்குப் பிறகு ராணியின் ஆட்சி. 1895 ஏப்ரல் வரை சென்னைக்கென்று தனிப் படை, அதன் பிறகு மாகாணப் படைகள் கலைந்து ஒரே இந்திய ராணுவம். அதனால் 1895-க்கு முந்தைய மதராஸ் சிப்பாய் பற்றிய உத்தரவுகளுக்கு சென்னை அரசின் ராணுவத் துறை நடவடிக்கைகளில் தேடுங்கள், அதற்குப் பிந்தையவற்றுக்கு டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம். அபிலேக் படல் என்ற அவர்களுடைய இணையதளத்தில் வீட்டில் இருந்தே தேடலாம், ஆனால் ஊர்ப் பெயர்களை அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் போட்டால்தான் சிக்கும்: டிரிச்சினாபோலி, டிரிப்பசூர், பாலவரம்.

தேடுகிற ஆள் ஐரோப்பியர் என்றால் பாதையே வேறு. கம்பெனிப் படையில் இருந்தவருக்கு 1770-இல் தொடங்கிய கிளைவ் நிதி என்ற பென்ஷன் நிதி, அதன் கணக்குகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில். பிரிட்டிஷ் அரசர் படையில் இருந்தவர் லண்டன் செல்சி மருத்துவமனை வழியாகப் பென்ஷன் வாங்கிய செல்சி பென்ஷனர், அவருடைய தாள் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில். திருவள்ளூர் பக்கத்துத் திருப்பாச்சூர் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கம்பெனி பென்ஷனர்கள் குடியிருந்த ஊர், இன்று அங்கே போகிறவர்கள் கோயிலுக்குத்தான் போகிறார்கள்.

இந்தியச் சிப்பாய் குடும்பத்துக்கு மிக முக்கியமானது 1871-ஆம் ஆண்டு பென்ஷன் சட்டம், 23-ஆம் எண். அதன் 4-ஆவது பிரிவு பென்ஷன் பற்றியோ சர்க்கார் விட்டுக்கொடுத்த நில வருவாய் பற்றியோ சிவில் கோர்ட்டில் நேராக வழக்குப் போடுவதைத் தடுத்தது. 6-ஆவது பிரிவின்படி கலெக்டர் சான்று கொடுத்தால்தான் கோர்ட் அதை எடுக்கும். இதனால் தேடுகிறவருக்கு ஒரு லாபம் இருக்கிறது. பென்ஷன் தகராறுகளைக் கோர்ட் தீர்ப்புகளில் தேடி அலைய வேண்டாம், மனுவும் பதிலும் கலெக்டர் கச்சேரிக் கோப்பிலும் வருவாய்த் துறையிலும்தான் குவிந்திருக்கும். 11-ஆவது பிரிவோ கடன்காரன் பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்கிறது. வெள்ளைக்காரன் சட்டத்தில் ஏழைக்கு உதவிய சில வரிகளில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

எல்லாக் கோப்பும் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் மாவோரிகளோடு சண்டை போட்டுவிட்டு பெங்களூர் கண்டோன்மெண்டில் வந்து குடியேறிய லாவெல் என்ற ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்தான் 1873-இல் சுரங்க உரிமை கேட்டு மனுப் போட்டார், 1875-இல் குத்தகை கிடைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள், ஆனாலும் அங்கே தங்கம் எடுத்ததற்குக் கட்டிய ராயல்டிக்கும் சென்னை மாகாண நிலையாணைக்கும் சம்பந்தமே இல்லை. மைசூர் 1831 முதல் 1881 வரை பிரிட்டிஷ் கமிஷனர் ஆட்சியில் இருந்தது, பிறகு மகாராஜாவிடம் திரும்பியது. ஆக லாவெலின் மனு கமிஷனர் காலத்துத் தாள், பின்னால் வந்த ராயல்டி மைசூர் சமஸ்தானத்துக் கணக்கு. இரண்டுக்கும் பெங்களூர்தான் போக வேண்டும்.

எழும்பூருக்குப் போவதாக இருந்தால் கொஞ்சம் தயாரித்துக்கொண்டு போங்கள். ஒரு அரசாணையைக் கேட்க எண், துறை, தேதி மூன்றும் வேண்டும், எண் மட்டும் இருந்தால் வேறு துறையின் தாள் வந்து நிற்கும். எண் தெரியாதவர்கள் அந்த வருஷத்து அட்டவணைப் புத்தகத்தை முதலில் கேட்க வேண்டும். அதில் கல், சரளை, சுண்ணாம்பு சமாச்சாரம் ராயல்டி என்ற தலைப்பில் கிடைக்காவிட்டால் சீனியரேஜ் என்ற தலைப்பில் பாருங்கள், குவாரிக்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். பி.பி. என்று தொடங்கும் எண் வாரிய நடவடிக்கை, அது அரசாணை இல்லை, வேறு தொகுதி. வருவாய் வாரியத்தை 1980-இல் ஒழித்துவிட்டார்கள், அதனால் இப்போது வாரியத்துக்கு என்று கடிதம் எழுதினால் அது எங்கும் போய்ச் சேராது.

கோப்பு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் கவனியுங்கள். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு, டி.டிஸ். பத்து வருஷம், கே.டிஸ். மூன்று, எல்.டிஸ். ஒரு வருஷம். உங்கள் கையில் இருக்கும் பழைய கடிதத்தில் எல்.டிஸ். என்று இருந்தால் மூலக் கோப்பைத் தேடி நடையாய் நடக்க வேண்டாம், அது என்றைக்கோ போயிருக்கும், அந்தக் கடிதத்தையே பத்திரமாக வையுங்கள்.

தேதி பசலியில் இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலையில் தொடங்கி 1891 ஜூனில் முடியும் வருஷம். பணம் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியில் இருக்கும், 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. 1818-க்கு முந்தைய தாள் என்றால் வராகன், பணம், காசுக் கணக்கு, ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். இதையெல்லாம் செய்த பிறகுதான் விகிதத்தைத் தொட வேண்டும்.

அப்புறம், கிடைத்த பழைய விகிதத்தைக் காட்டி இன்றைக்குக் குவாரி உரிமம் கேட்க முடியாது. பெரிய கனிமத்துக்கு 1957-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், கல் மணல் போன்ற சிறு கனிமத்துக்குத் தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு விதிகள், இவைதான் நடப்பில் இருப்பவை. ராயல்டி வரியா இல்லையா என்பதே கூட மாறிவிட்டது: தமிழ்நாட்டில் போட்ட செஸ் என்ற மேல்வரி பற்றிய இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றத்தில் வரி என்றார்கள், 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் இல்லை என்றார்கள். வக்கீலிடம் போகும்போது பழைய அரசாணையின் நகல், இனாம் பதிவேட்டு நகல் அல்லது ஒப்படை ஆணை, அ-பதிவேட்டு நகல் மூன்றையும் சான்றிட்ட பிரதியாகவே எடுத்துப் போங்கள், போனில் எடுத்த படத்தைக் கோர்ட்டில் ஏற்க மாட்டார்கள்.