லாங் ரன்னில் எப்போது சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது

முதன்முதலாக 18 கிலோமீட்டர் ஓடிய அன்று இடுப்புப் பையில் இரண்டு ஜெல் (ஓடும்போது பிழிந்து சாப்பிடுகிற கெட்டியான சர்க்கரைக் கூழ் பாக்கெட்) வைத்திருந்தேன். தெம்பாகத்தானே இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போய், 14-வது கிலோமீட்டரில் கால் கனத்து, கண் லேசாக இருட்டிய பிறகு இரண்டையும் அடுத்தடுத்துப் பிழிந்து விழுங்கினேன், அதுவும் தண்ணீர் இல்லாமல். பத்தே நிமிடத்தில் வயிறு முறுக்க ஆரம்பித்தது. மிச்ச தூரம் நடைதான்.

ஓடும்போது பசி எடுக்கும், அப்போது சாப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. தசையில் ஏறக்குறைய 300 முதல் 500 கிராம், கல்லீரலில் 100 கிராம் போல கிளைகோஜன், அதாவது உடல் சேர்த்துவைக்கிற சர்க்கரை, சேமிப்பில் இருக்கும். கொஞ்சம் அழுத்தி ஓடினால் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அது தரைதட்டும். ராத்திரி தூங்கி எழும்போதே கல்லீரல் இருப்பு நிறைய கரைந்திருக்கும் என்பதால், விடிகாலையில் வெறும் வயிற்றோடு கிளம்புவது டேங்க் முழுசாக நிரம்பாமல் வண்டி எடுக்கிற மாதிரிதான். தீர்ந்த பிறகு தின்றால், அது வயிற்றைத் தாண்டி ரத்தத்தில் சேர்ந்து காலுக்கு வருவதற்குள் வேகம் போய்விட்டிருக்கும்.

ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் ஓடுவதென்றால் தண்ணீர் போதும், ஜெல்லை வீணாக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட். சாதாரண ஜெல் ஒன்றில் 20 முதல் 25 கிராம் இருக்கும் (சிலதில் 40 வரை உண்டு, பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்), ஆக முதல் ஜெல் 35-வது நிமிடம் வாக்கில், பிறகு அரை மணிக்கு ஒன்று என்று வாட்ச்சில் அலாரம் வைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம். ஜெல் பிடிக்காதவர்கள் பேரீச்சம்பழமோ மென்மையான சர்க்கரை மிட்டாயோ எடுத்துக்கொள்ளலாம், கிராம் கணக்கு மட்டும் தப்பக் கூடாது.

கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நேரத்தை வைத்துப் போடுங்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்று ஓடுபவர் அரை மாரத்தான் தூரமான 21.1 கிலோமீட்டரை 2 மணி 7 நிமிடத்தில் முடிப்பார். 8 நிமிடக்காரருக்கு 2 மணி 49 நிமிடம் ஆகும். நான் மெதுவாகத்தானே ஓடுகிறேன், எனக்கெதற்கு இதெல்லாம் என்று சொல்பவருக்குத்தான் ஒரு ஜெல் கூடுதலாக வேண்டும்!

சரி, வயிறு. ஓடும்போது ரத்தம் காலுக்குப் போய்விடுவதால் குடல் அரைகுறையாகத்தான் வேலை செய்யும், அதில் கெட்டியான சர்க்கரையைக் கொட்டினால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு பொருமும். அதனால் ஒவ்வொரு ஜெல்லுக்கும் நாலைந்து மிடறு வெறும் தண்ணீர், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் அல்ல, சர்க்கரை மேல் சர்க்கரையாகிவிடும். ஒரே மூச்சில் விழுங்காமல், வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மூன்று நாலு பிழியாக ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இழுத்துச் சாப்பிடுங்கள். வியர்த்த விரலுக்கு அந்த பாக்கெட் வழுக்கும். மூலையில் இருக்கும் வெட்டுக்குறியைப் பல்லால் கடித்து இழுப்பதுதான் வழி, கிழிந்த துண்டு முழுசாகப் பிய்ந்து கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலிப் பாக்கெட்டை மடித்துப் பைக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும்.

குடலையும் கால் மாதிரியே பழக்கலாம். 12 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு ஜெல், 15-இல் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போங்கள். முதல் வாரம் குமட்டினால் உடனே விட்டுவிட வேண்டாம், பாதிப் பாக்கெட்டாகக் குறைத்துப் பாருங்கள், இல்லையென்றால் வேறு கம்பெனி ஜெல்.

தண்ணீருக்கு ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பற்றாக்குறை. எடை கூடியிருந்தால் அதுதான் ஆபத்து, அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். சட்டையில் வெள்ளையாக உப்பு பூக்கிறவர்கள் எலக்ட்ரோலைட் (சோடியம் மாதிரியான உப்புகள்) கலந்து எடுத்துப் போவது நல்லது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்த ஜெல் கணக்கை டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் எழ முடிந்தால் நார்ச்சத்தும் எண்ணெயும் குறைந்த சாப்பாடு, முடியாவிட்டால் அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், அவ்வளவு போதும்.

போட்டியில் வழியில் எந்த ஜெல், எந்த டிரிங்க் கொடுக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, அதையே வாங்கிக் கடைசி இரண்டு லாங் ரன்களில் தின்றுபாருங்கள். வயிறு ஏற்காவிட்டால் உங்கள் ஜெல்லை நீங்களே சுமக்க வேண்டியதுதான். கஃபீன் கலந்தது என்றால் இன்னும் கவனம், சிலரை அது ஓட்டத்தின் நடுவில் கழிப்பறை தேட வைத்துவிடும்.