மலையகத்து இருவாட்டி மண்ணை இனங்காணும் முறை

பனிக்கட்டியாறு, அதாவது மலையிலிருந்து மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், கொண்டுவந்து விட்ட படிவின் படத்தைப் பாடநூலில் பார்த்திருந்த உயர்தர மாணவர் ஒருவர், இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கம் வீதியோரத்தில் வெட்டப்பட்டிருந்த மண்சுவரைக் காட்டி, "சேர், இதுவும் அதே மாதிரித்தானே இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானது. களியும் மணலும் சிறுகல்லும் பெருங்கல்லும் தரம் பிரியாமல் ஒன்றாகக் கிடந்தன. ஆயினும் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். கடைசிப் பனியூழியிலும் இந்த மலைகளில் பனிக்கட்டியாறு இருந்ததில்லை. அந்த மண்ணைக் கொண்டுவந்தது மண்சரிவு. ஆகவே இருவாட்டி (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்) என்றோ வேறொன்றாகவோ ஒரு மண்ணுக்குப் பெயர் வைக்குமுன், அந்தச் சரக்கை அங்கே சேர்த்தது எது என்று கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மண்ணை இனங்காண அலவாங்கு, மண்வெட்டி, அளவுநாடா, தண்ணீர்ப் போத்தல், கைவில்லை, அமிலத்தன்மை பார்க்கும் தாள் ஆகியவை போதும். தோட்டத்தில் கான் ஓரத்தையும், உரம் குவிக்கும் இடத்தையும், லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறத்தையும் தவிர்த்து, ஏறத்தாழ 1 மீற்றர் ஆழக் குழி ஒன்றை வெட்டுங்கள். பழைய வெட்டுச்சுவர் கிடைத்தால் வெளிமுகத்தை 20 சென்ரிமீற்றர் அளவுக்குச் சீவி எறிந்துவிட்டு உள்ளே தெரியும் புது முகத்தைப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட முகம் நிறத்தையும் இறுக்கத்தையும் தவறாகக் காட்டும். அடைமழைக் காலத்தில் செங்குத்தான சுவரின் அடியில் நிற்கவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் சரிந்து வந்து லயங்களை மூடிய மண்ணை மறந்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

முதலில் கற்களைப் பாருங்கள். பாறை இருந்த இடத்திலேயே உக்கி மண்ணானதென்றால், அடியில் பாறையின் பட்டைகள் இன்னும் கோடுகோடாகத் தெரியும். பாறை போலத் தோன்றும் துண்டு விரலால் நசுக்கினால் உதிரும். வெள்ளைப் படிகக்கல் நரம்பு ஒன்று அறுபடாமல் மேலேறி வரும். சரிவில் இறங்கி வந்த மண்ணில் இந்தத் தொடர்ச்சி இராது. கூர்மையான விளிம்புள்ள கற்கள் எல்லாத் திசைகளிலும் சாய்ந்து கிடக்கும்; சில வேளைகளில் பழைய மேல்மண்ணின் கறுத்த படை ஒன்று அடியில் புதைந்திருக்கும். உருண்டு மழுங்கிய கற்கள் அளவு வாரியாகப் படிந்திருந்தால் அது ஆற்றின் வேலை. பனிக்கட்டியாற்றுப் படிவிலோ கற்களின் முகங்கள் தேய்ந்து தட்டையாகி, சிலவற்றில் இழுபட்ட கீறல்கள் இருக்கும். அயலில் எங்குமே இல்லாத பாறைவகைகளும் கலந்திருக்கும். தலவாக்கலைச் சுவரில் இருந்த கற்களெல்லாம் மேலே நின்ற மலையின் பாறையே என்பதை அந்த மாணவர் தாமாகவே கண்டுபிடித்தார்.

அடுத்தது இழையமைப்பு, அதாவது மணல், வண்டல், களி ஆகியவை கலந்திருக்கும் விகிதம். மணல் என்பது 2 முதல் 0.05 மில்லிமீற்றர் வரையான துணிக்கை, வண்டல் 0.05 முதல் 0.002 வரை, களி அதனிலும் நுண்ணியது. களி 7 முதல் 27 வீதம், வண்டல் 28 முதல் 50 வீதம், மணல் 52 வீதத்துக்கு மேற்படாமல் இருந்தால் அமெரிக்க முறைப்படி அது இருவாட்டி. கையால் அறிவதற்கு, 2 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கல்லைப் பொறுக்கிவிட்டு, எலுமிச்சங்காய் அளவு மண்ணை நீர்விட்டுப் பிசைந்து உருட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் அழுத்தி நாடாவாகத் தள்ளுங்கள். நாடா 2.5 சென்ரிமீற்றர் நீளுமுன் ஒடிந்தால் இருவாட்டி, 2.5 முதல் 5 வரை நின்றால் களி இருவாட்டி. அதற்கும் மேல் நீண்டால் களி. நறநறப்பு மேலோங்கினால் மணல் கூடியது; மாவைத் தொட்டாற்போல வழுவழுத்தால் வண்டல் கூடியது.

இந்த இடத்தில் மலைநாட்டு மண் நம்மை ஏமாற்றும் என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டும். சிவந்த மண்ணில் இரும்பு ஒட்சைட்டுகள் களித்துணிக்கைகளைச் சிறு மணிகளாகப் பிணைத்து வைத்திருக்கின்றன. அரை நிமிடம் பிசைந்தால் அம்மணிகள் மணலைப் போலவே நறநறக்கும். இருவாட்டி என்று எழுதிவிடத் தோன்றும். நிறுத்தாமல் மூன்று நான்கு நிமிடம் பிசையுங்கள். மணிகள் உடைய உடைய நறநறப்பு அடங்கி, விரலில் பசை ஏறி, முன்பு ஒடிந்த நாடா நீளத் தொடங்கும். நானும் ஒருமுறை அவசரப்பட்டுக் களி இருவாட்டியை வெறும் இருவாட்டி என்று பதிந்து, மறுநாள் அதே கட்டியை மீண்டும் பிசைந்தபோதே திருத்தினேன். போத்தலில் மண்ணைக் குலுக்கிப் படியவிடும் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. மணல் ஒரு நிமிடத்துக்குள்ளும், வண்டல் சில மணி நேரத்திலும், களி ஒரு நாளுக்கு மேலும் எடுத்துப் படிய வேண்டும். ஆனால் பிணைந்த களி மணலோடு சேர்ந்தே அமர்ந்துவிடும். ஆதலால் சிறிது சலவைத்தூள் சேர்த்து, குறைந்தது 15 நிமிடம் விட்டுவிட்டுக் குலுக்குங்கள்.

பிறகு ஒவ்வொரு படையின் நிறத்தையும் ஈரமாக வைத்தே குறியுங்கள். நீர் நன்கு வடியும் மண் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும். சாம்பல் நிறப் புள்ளிகள் அங்கே நீர் தேங்குவதைச் சொல்லும். மேற்படையில் 20 வீதம் களி இருக்க, அடியிலுள்ள படையில் 24 வீதமோ அதற்கு மேலோ இருந்து, கட்டிகளின் முகத்தில் கைவில்லையின் கீழ் மெழுகு பூசினாற்போன்ற பளபளப்புத் தெரிந்தால், மேலிருந்து களி கழுவி இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

வகுப்பைத் தீர்மானிப்பதில் இந்தக் களியிறக்கமும் அமிலத்தன்மையும் முக்கியமானவை. வட அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பனிக்கட்டியாற்றுப் படிவில் உருவான மயாமி மண்ணிலும் களி இறங்கியிருக்கிறது. ஆனால் பனிக்கட்டி அரைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பு அதன் அடியில் இன்னும் மிச்சமிருப்பதால் அது அமெரிக்க மண்வகுப்பில் காரம் மிச்சமுள்ள அல்ஃபிசோல் வரிசையில் சேர்கிறது. நம்முடைய மண்ணோ மிகப் பழைய பாறையிலிருந்து, நெடுங்கால மழையில் காரங்களை இழந்து உருவானது; அடியில் காரச்செறிவு (மண்துணிக்கைகள் பிடித்து வைத்திருக்கும் காரங்களின் பங்கு) 35 வீதத்துக்கும் குறைந்துவிடுவதால், காரம் இழந்த அல்டிசோல் வரிசையில் சேர்கிறது. புளித்த காடியை விட்டுப் பார்த்தால் அங்கே அடிமண் நுரைக்கும், இங்கே நுரைக்காது. தேயிலை மலையில் மேல்மண் இலேசாக நுரைத்தால் அண்மையில் டொலமைற் (அமிலத்தைக் குறைக்க இடும் சுண்ணாம்புக்கல் தூள்) போட்டார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

உள்ளூர்ப் பெயருக்கு மண்ணியலாளர்களான மூர்மனும் பானபொக்கவும் 1961 இல் தந்த வகுப்பு இன்றும் கைகொடுக்கிறது. களி இறங்கிய, அமிலமான மண் செம்மஞ்சள் பொட்சோலிக். நுவரெலியாப் பக்கத்து உயர்ந்த, குளிர்ந்த இடங்களில் இதன் மேற்படை தடித்துக் கறுத்திருக்கும். கண்டி, மாத்தளைப் பக்கங்களில் ஆழமாகவும் உதிரியாகவும் ஒரே செங்கபிலமாகவும் இறங்குவது செங்கபில லற்றசோலிக். படைகள் சரியாகப் பிரியாமல், கொஞ்ச ஆழத்திலேயே உக்கிய பாறை தட்டுப்படுவது முதிராக் கபில இருவாட்டி. இந்தக் கடைசிப் பெயரில் இருவாட்டி என்ற சொல் இருப்பதனால் இருவாட்டி இழையமைப்புள்ள மண் அனைத்தையும் அதற்குள் தள்ளிவிடாதீர்கள். மண்ணின் முதிர்ச்சியைப் பார்த்துத்தான் அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

குறிப்பேட்டில் சரக்கின் மூலம், சரிவு, படைகளின் ஆழம், இழையமைப்பு, நிறம், அமிலத்தன்மை என்ற ஒழுங்கில் எழுதி, பெயரைக் கடைசியில் இடுங்கள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரையான பீஎச் பொருந்தும் என்பதால் அந்த எண்ணைத் தோட்டக்காரர் உடனே கேட்பார். அதைத் தனி வரியில் பதிவது நல்லது. குழியை மூடும்போது அடிமண்ணை முதலிலும் மேல்மண்ணைக் கடைசியிலும் போட்டு, மிதித்து இறுக்கி, மழை இறங்குமுன் வேலையை முடித்துவிடுங்கள்.