கடற்கரை மணலும் நின்றுபோன என்ஜினும்

காரில் கொண்டுபோகும்படி இரண்டு பலகைகளாகச் செய்த எனது 1:87 விகித மாதிரி ரயில் தளத்தில், வீட்டில் ஒழுங்காக ஓடும் என்ஜின், வெளியூருக்கு எடுத்துச் சென்று பலகைகளைப் பூட்டி ஓட்டியதும் திணறித் திணறி நின்றது. பலகைகள் சேரும் இடத்து மின்தொடர்பைச் சந்தேகித்து ஒயர்களை மீண்டும் பற்றவைத்தேன். தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். சக்கரங்களின் இடைவெளியையும் அளந்து பார்த்தேன். எதிலும் குறையில்லை.

என்ஜினின் அடிமூடியைக் கழற்றியபோதுதான் காரணம் தெரிந்தது. மோட்டாரின் காந்தத்தைச் சுற்றி நுண்ணிய கறுப்புத் துகள்கள், சிலிர்த்த பூனைமுடி போல நட்டுக்குத்தாக நின்றன. தண்டவாளத்துக்கிடையே ஜல்லியாகப் பரப்பியிருந்தது கடற்கரை மணல். அத்தகைய மணலில் மாக்னடைட் என்னும் இரும்புத் தாது கலந்திருப்பதுண்டு. பயணக் குலுக்கலில் பசைவிட்டுப் பெயர்ந்த துகள்களைக் காந்தம் மேலே இழுத்துக்கொண்டது.

மோட்டாரில் இருந்தவற்றை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்தேன். வெந்நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்து, பசை இளகியதும் மணல் முழுவதையும் சுரண்டினேன். பிறகு மணலுக்குப் பதிலாகச் சலித்த கல்தூளைத் தாளில் பரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை, எதுவும் ஒட்டாத வரை அதன்மேல் நகர்த்தினேன். உறை மிகவும் அவசியம். அது இல்லாவிட்டால் துகள்களைக் காந்தத்திலிருந்து பிரிப்பது பெரும்பாடு. அந்தத் தூளைத் தண்டவாளத்துக்கிடையே பரப்பி, ஆல்கஹால் தெளித்து ஈரமாக்கிய பின்னர், சரிபாதி நீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தடம் இரண்டாகப் பிரியும் கிளைத்தடத்தின் நகரும் பகுதியில் மட்டும் பசை படவிடவில்லை. அடுத்த பயணத்தில் என்ஜின் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடியது பெரிய நிம்மதி.