மாட்டின் காலைக் கடிக்கும் ஈ: தேடிக் கட்டுப்படுத்தும் முறை

மொரீஷியஸில் இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்திருப்போர் பலரும், மாடு ஓயாமல் காலை உதைத்து வாலை வீசத் தொடங்கியதும் பூச்சிமருந்தைத் தேடுகிறார்கள். அந்த ஈ எங்கே பிறக்கிறது என்று தேடுவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

நம் தீவில் மாட்டை வாட்டுபவை பெரும்பாலும் ஸ்டோமோக்சிஸ் கால்சிட்ரன்ஸ், ஸ்டோமோக்சிஸ் நைஜர் என்னும் இரண்டு வகை ஈக்கள். பார்வைக்கு வீட்டு ஈயைப் போலிருந்தாலும், தலைக்கு முன்னே ஊசிபோல் நீண்டிருக்கும் வாயைக் கொண்டு இவற்றை அடையாளம் காணலாம். ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரு முன்னங்காலின் வெளிப்புறத்திலும் மற்றொரு முன்னங்காலின் உட்புறத்திலும் உள்ள ஈக்களை எண்ணி நோட்டில் எழுதுங்கள். காலுக்குச் சராசரியாக 5 ஈக்கள் இருந்தாலே நடவடிக்கை தேவை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகோல்.

பிறகு புழுவைத் தேடுங்கள். பொறுமை வேண்டிய வேலை இதுதான். தீவனத் தொட்டிக்கு அடியில் சிந்திய கரும்புத் தோகை மூத்திரத்தில் ஊறி அழுகும் இடம், கன்றுக்குட்டியின் படுக்கை வைக்கோல், எருக்குவியலின் ஓரம், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய சேறு ஆகியவற்றைச் சிறு மண்வெட்டியால் கிளறினால், வெளிறிய புழுக்களும் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்களும் தென்படும். வெப்ப காலத்தில் முட்டை ஈயாக ஏறக்குறைய இரண்டு மூன்று வாரங்களே ஆவதால், அந்த ஈரக் கழிவை வாரந்தோறும் அள்ளி வெயிலில் மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். அல்லது குவித்து, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, உட்சூடு ஏறும்படி மக்க வையுங்கள்.

கூட்டுப்புழுக்கள் சிலவற்றை ஒரு புட்டியில் இட்டு மெல்லிய துணியால் வாயைக் கட்டிவைத்துப் பாருங்கள். ஈக்குப் பதிலாக மிகச் சிறிய குளவிகள் வெளிவந்தால், அவை ஈயின் கூட்டுப்புழுவைத் தின்று வளர்ந்த நண்பர்கள். எருவின் மேல் பூச்சிமருந்து தெளித்து அவற்றை அழித்துவிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மருந்து தேவைப்பட்டால், கால்நடை மருத்துவரிடம் அளவையும் பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதையும் கேட்டறிந்து, முதுகோடு நிறுத்தாமல் கால்களிலும் படும்படி தெளியுங்கள். ஸ்டோமோக்சிஸ் நைஜர் கரும்புத் தோட்டத்தில் அழுகும் சருகிலும் பெருகுவதால், கொட்டகை சுத்தமான மூன்று வாரங்களுக்குப் பின்னும் எண்ணிக்கை குறையவில்லையெனில், உங்கள் தேடலை அருகிலுள்ள வயலின் ஓரத்திற்கு நகர்த்துங்கள்.