வெளிநாட்டுக் கழிப்பறையும் நம் குடலும்: பழனி மலையிலிருந்து புதிதாகச் செல்வோருக்கு

பண்ணைக்காட்டிலிருந்தோ தாண்டிக்குடியிலிருந்தோ பூம்பாறையிலிருந்தோ வெளிநாடு புறப்படும் பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை வாங்கித் தரவும், ஊறுகாய் கட்டிக் கொடுக்கவும், விமான நிலையம் வரை வந்து வழியனுப்பவும் ஆட்கள் இருக்கிறார்கள். போய் இறங்கிய மறுநாள் காலையில் அங்குள்ள கழிப்பறையில் எப்படி உட்கார வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை. சொல்வதற்குக் கூச்சம், கேட்பதற்கும் கூச்சம். இந்த மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக வேலை பார்த்த எனக்கு அந்தக் கூச்சம் எப்போதோ விட்டுப்போய்விட்டது. மலச்சிக்கலையும் மூலத்தையும் வெளியே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, முற்றிய பிறகு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அனுபவத்தையே முதலில் சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு டொரண்டோவுக்கு அருகில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போனேன். குந்தி உட்கார்ந்தே பழகிய உடம்பு என்னுடையது, உயரமும் குறைவு. அந்த வீட்டில் பொருத்தியிருந்ததோ உயரமான வகை வெஸ்டர்ன் டாய்லெட். இருக்கை தரையிலிருந்து 43 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருக்கும் இந்த வகை, உட்கார்ந்து எழச் சிரமப்படும் முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் உதவுவதற்காக வந்தது. நான் உட்கார்ந்தபோது பாதம் தரையில் பதியவில்லை. கால்விரல்கள் மட்டும் சில்லென்ற தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன, இருக்கையின் விளிம்பு தொடையை அழுத்தியது. நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் அரை மணி நேரம் முக்கிவிட்டு, கால் மரத்துப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, கைகழுவும் தொட்டியின் கீழே பேத்தி ஏறி நின்று பல் துலக்கும் பிளாஸ்டிக் முக்காலி கண்ணில் பட்டது. மறுநாள் காலை அதைக் காலடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தது, வயிறு தொடையோடு ஒட்டியது, ஊரில் எங்கள் பழைய வீட்டுக் கழிப்பறையில் குந்தியிருக்கும்போது அடிவயிற்றில் தெரியும் அந்த இளக்கம் தெரிந்தது. சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மலக்குடல் ஆசனவாயோடு சேரும் இடத்தில், பியூபோரெக்டாலிஸ் என்னும் தசை, மூட்டையைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு முன்பக்கமாக இழுத்துப் பிடித்ததுபோல், குடலைச் சுற்றி வந்து முன்னால் இடுப்பெலும்பில் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்தப் பிடி இறுகியிருப்பதால் குடல் அவ்விடத்தில் ஏறத்தாழச் செங்கோணமாக மடிந்திருக்கிறது. பீன்ஸ் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை மடித்துப் பிடித்தால் தண்ணீர் நிற்பதைப் போல, மலம் தன்னிச்சையாக வெளியேறாமல் நிற்பது இந்த மடிப்பினால்தான். மலம் கழிக்கும்போது தசை தளர்ந்து மடிப்பு நிமிர வேண்டும். நாற்காலியில் உட்காருவதுபோல் நேராக உட்கார்ந்தால் அது அரைகுறையாகவே நிமிர்கிறது. குந்தும்போது நன்றாக நிமிர்கிறது. நிமிராத குழாயில் மலத்தைத் தள்ள வேண்டியிருப்பதால்தான் மூச்சை அடக்கி முக்குகிறோம். அந்த அழுத்தம் ஆசனவாயைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்களில் இறங்கி அவற்றைப் புடைக்கச் செய்வதும், இறுகிய மலம் தோலைக் கிழித்து வெடிப்பை உண்டாக்குவதும் நாளடைவில் நடப்பவை.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன, ஆனால் அவை சிறிய ஆய்வுகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இஸ்ரேலைச் சேர்ந்த டோவ் சிகிரோவ் என்னும் மருத்துவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 28 பேர் குந்தியும், தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தும், வழக்கமான உயரத்தில் உட்கார்ந்தும் மலம் கழித்து நேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். சராசரியாகக் குந்தியபோது 51 வினாடியும், தாழ்ந்த இருக்கையில் 114 வினாடியும், வழக்கமான இருக்கையில் 130 வினாடியும் ஆயின. ஜப்பானில் 2010-இல் 6 பேரை எக்ஸ்ரே மூலம் பார்த்தபோது, உட்கார்ந்திருக்கையில் ஏறத்தாழ 100 பாகையாக இருந்த குடல் மடிப்பு, குந்துகையில் 126 பாகையாக விரிந்தது. இடுப்பைச் சற்றே மடக்கி உட்கார்ந்தபோது மட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆகவே காலடியில் முக்காலி போடுவது முழுமையாகக் குந்துவதற்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அமெரிக்காவின் ஒஹாயோவில் 52 பேர் பங்கேற்று 2019-இல் வெளிவந்த ஆய்வில், முக்காலி வைத்துக்கொண்ட பிறகு முக்குவது குறைந்ததாக 90 விழுக்காட்டினரும், சீக்கிரம் முடிந்ததாக 71 விழுக்காட்டினரும் சொன்னார்கள். செலவும் ஆபத்தும் குறைந்த ஒரு வழி இவ்வளவு பேருக்குப் பயன் தருகிறது என்றால் செய்து பார்ப்பதில் தவறில்லை.

முக்காலி 18 முதல் 23 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். குட்டையானவர்களுக்கும் உயரமான டாய்லெட்டுக்கும் 23, மற்றவர்களுக்கு 18. இதற்கென்றே செய்து விற்பவை உண்டு. குழந்தைகள் ஏறி நிற்கும் படிமுக்காலியும் அதே வேலையைச் செய்யும், அடியில் வழுக்காத ரப்பர் இருந்தால் சரி. இரண்டு பாதங்களையும் தட்டையாக வைத்து, முழங்கால்களை இடுப்பைவிட உயர்த்திச் சற்றே அகட்டி, முதுகை வளைத்துக் கூன் போடாமல் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வாயை லேசாகத் திறந்து, மெழுகுவத்தியை அணைக்காமல் அதன் சுடரை மட்டும் அசைப்பதுபோல் மெதுவாக ஊதினால் வயிறு தானாகவே முன்னால் வரும், அடித்தசை தளரும். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்றும் ஆகவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மறுபடி உந்துதல் வரும்போது போனால் போதும். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போவது இதற்காகத்தான், ஏனெனில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் நடுவில் பள்ளமான இருக்கையில் ஆசனவாய் ஆதாரமின்றித் தொங்கிக்கொண்டிருக்கிறது.

டாய்லெட்டின் மேல் ஏறிக் குந்துகிறவர்கள் நம்மில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பீங்கான் உடைந்தால் கத்தியைவிடக் கூர்மையாக வெட்டும். இருக்கை நழுவினால் இடுப்பெலும்பு முறியும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு முழங்காலை இடுப்புக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கலாம் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முக்காலியைத் தொட வேண்டாம். முழங்கால் தேய்ந்த பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், சுவரில் ஒரு கைப்பிடி பொருத்திக் கொடுங்கள். முக்காலி இரவில் காலில் இடறாதபடி ஓரமாகத் தள்ளி வையுங்கள். எழும்போது தலை சுற்றும் வயதானவர்கள், காலைத் தரையில் இறக்கிச் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழ வேண்டும்.

உட்காரும் முறையைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாகச் செல்பவரின் குடலைக் கட்டிப்போடுவதற்கு வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது, குடலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. கொடைக்கானலில் காலை ஆறு மணி என்பது கோடைக்கால டொரண்டோவில் முந்தைய நாள் இரவு எட்டரை மணி. நம் குடல் சில நாள்களுக்கு ஊர் நேரத்திலேயே விழித்துக்கொண்டிருக்கும். அதை இழுத்து வருவதற்கு நல்ல வழி, தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஊரின் காலை நேரத்தில் எழுந்து, வெந்நீர் குடித்து, பலகாரம் சாப்பிட்டு, அதற்கடுத்த அரை மணிக்குள் கழிப்பறைக்குப் போய் உட்காருவது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைவது இயல்பு. காப்பியும் அதைத் தூண்டும். நம் மலைக் காப்பித்தூளை ஒரு பொட்டலம் கொண்டுபோகிறவர்கள் நல்ல காரியமே செய்கிறார்கள்.

இரண்டாவது காரணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறை நமக்கு அருவருப்பு, அதனால் வேலையிடத்திலும் கல்லூரியிலும் வரும் உந்துதலை வீடு வந்து சேரும் வரை அடக்குகிறோம். அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்திலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும், மலக்குடல் விரிந்து பழகி உந்துதலே மங்கிவிடும். கழுவுவதற்கு வழி செய்துகொண்டால் இதில் பாதி தீரும். வீட்டில் டாய்லெட்டுக்குப் பக்கத்தில் கைக்குழாய் பொருத்திக்கொள்ளலாம்; வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் சுவரோரத் திருகைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் அழுத்தத்தில் குழாய் வெடிக்கக்கூடும். அங்கே பல வீடுகளில் கழிப்பறைத் தரையில் நீர் போகும் துவாரமே இருக்காது, சிந்திய தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில் இறங்கும் என்பதை முதல் நாளே மனத்தில் வையுங்கள். வெளியே போகும்போது பையில் ஒரு சிறிய தண்ணீர் புட்டி இருந்தால் போதும்.

மூன்றாவது உணவு. குளிரில் தாகம் தெரியாது என்பது டிசம்பர் மாதக் கொடைக்கானலில் வளர்ந்த நமக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே வீட்டைச் சூடாக்கும் கருவி காற்றையும் உலர்த்துவதால் தாகம் இல்லாமலே உடம்பு வறண்டுபோகும், ஆகவே நினைவு வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பிரிட்டனில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். வெறும் ரொட்டியும் முட்டையும் சோறும் அதற்குப் போதாது. இங்கே மலச்சிக்கல் என்றதும் நம் கை விருப்பாச்சி மலைவாழைப்பழத்துக்குத்தான் போகும். அந்தப் பழம் அங்கே கிடைக்காது, கிடைக்கும் வாழைப்பழத்தைப் பச்சையாகச் சாப்பிட்டால் சிலருக்குக் கட்டிவிடும், தோலில் கரும்புள்ளி விழும் வரை பழுக்க வைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் சமவெளிக்காரர்களைவிட நமக்கு ஒரு வசதி இருக்கிறது: நம் தோட்டங்களில் விளையும் பட்டர் ஃப்ரூட்டும் பேரிக்காயும் பிளம்ஸும் பட்டர் பீன்ஸும் அந்தக் குளிர்நாடுகளின் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை, நார்ச்சத்து மிகுந்தவை. பிளம்ஸை உலர்த்தி விற்பதை நான்கைந்து எடுத்து இரவில் ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு சாப்பிட்டால் மருந்துக் கடைக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

மருந்து தேவைப்பட்டால் இசப்கோல் அங்கேயும் வேறு பெயர்களில் கிடைக்கிறது; ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் இல்லாமல் அதை விழுங்கவே கூடாது. திருநெல்வேலியின் பெயரிலேயே உலகமெங்கும் விற்கப்படும் நிலாவாரையையும் விளக்கெண்ணெயையும் வாரக்கணக்கில் தாமாகவே எடுத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். இரும்புச்சத்து மாத்திரையும் கோடீன் கலந்த வலி மாத்திரையும் மலத்தைக் கட்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை போவது இயல்புதான், தினமும் போகவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மலத்தில் இரத்தம் கண்டாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும், போகும் வழக்கம் மாறி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். இங்கிலாந்திலும், டொரண்டோ இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு, வீட்டிலேயே மலத்தைச் சிறிது எடுத்து அனுப்பிக் குடல் புற்றுநோயைக் கண்டறியும் சோதனை உண்டு. அங்கே குடியேறிய பெற்றோருக்கு அந்த உறை தபாலில் வந்தால் குப்பையில் போட்டுவிட வேண்டாம். மொழி தடையாக இருக்குமே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட ஒரு படம் உண்டு, ஆட்டுப் புழுக்கை போன்ற முதல் வகையிலிருந்து தண்ணீராகப் போகும் ஏழாம் வகை வரை அதில் வரைந்திருக்கும், மூன்றும் நான்கும் நல்ல வகைகள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு உங்களுடையது எந்த எண் என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும், மருத்துவருக்குப் புரிந்துவிடும். கூடவே நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.