மங்கா, பேய்க் காமிக்ஸ், ஹெவி மெட்டல்: புதிதாக நுழைபவர்கள் சறுக்கும் இடங்கள்

நண்பன் ஒருவனுக்கு ஜுன்ஜி இட்டோவின் ‘உசுமாகி’ என்ற ஜப்பானியப் பேய்க் காமிக்ஸை இரவல் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்தான். “ஒண்ணும் புரியலடா, எடுத்த எடுப்பிலேயே ஊரே சின்னாபின்னமா கிடக்கு” என்றான். நம் வழக்கப்படி இடப்பக்கம் திறக்கும் அட்டையைப் புரட்டி, கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருக்கிறான் மகராசன்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் மங்காவில், அதாவது ஜப்பானியக் காமிக்ஸில், பலரும் செய்யும் தவறுதான் இது. (மங்கா என்று குறிலில் எழுதுங்கள். ‘மாங்கா’ என்றால் உப்பும் மிளகாய்த்தூளும் தேடத் தோன்றும்.) ஜப்பானிய மொழியை மேலிருந்து கீழாக, வலப்பக்கத்து வரிசையில் தொடங்கி எழுதுவார்கள். அதனால் புத்தகமும் வலமிருந்து இடமாகத் திறக்கும். பக்கத்துக்குள் இருக்கும் கட்டங்களும், கட்டத்துக்குள் இருக்கும் பேச்சு பலூன்களும் அதே திசையில்தான் போகும். பக்கங்களைச் சரியாகப் புரட்டிவிட்டு பலூன்களை மட்டும் இடமிருந்து படிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் முதலில் வரும், கேள்வி பிறகு வரும்.

“நமக்கு ஏற்ற மாதிரி திருப்பி அச்சடித்தால் என்ன?” என்று கேட்கலாம். அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1980களிலும் 90களிலும் அதைச் செய்து பார்த்தார்கள். கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தைப் புரட்டிப் போட்டார்கள். வலக்கையில் வாள் பிடித்த சாமுராய்கள் எல்லாம் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். கிமோனோவில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது பிணத்துக்குத்தான். புரட்டிய படத்தில் உயிரோடு நடமாடுகிறவர்கள் எல்லாம் பிண அலங்காரத்தில் திரிந்தார்கள். ஹிரோகி சமுராவின் ‘பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்’ கதையில் சிக்கல் இன்னும் பெரிது. நாயகனின் உடையில் முதுகுப் பக்கம் பௌத்த ஸ்வஸ்திகா இருக்கிறது. படத்தைப் புரட்டினால் அது நாஜிச் சின்னத்தின் திசைக்குப் போய்விடும். புரட்டக் கூடாது என்று சமுரா கேட்டுக்கொண்டதால், டார்க் ஹார்ஸ் நிறுவனம் கட்டங்களைத் தனித்தனியாக வெட்டி வரிசை மாற்றி ஒட்டியது. அந்த வேலையை நினைத்தாலே எனக்குக் கழுத்து வலிக்கிறது. இப்போது பெரும்பாலான பதிப்புகள் ஜப்பானியத் திசையிலேயே வருகின்றன. நான்கு பக்கம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

அடுத்த தவறு, பேய் மங்காவைப் படிப்பதற்கு முன்னால் விசிறி மாதிரி சரசரவென்று புரட்டிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். இட்டோ மாதிரி ஓவியர்களின் பயமுறுத்தும் வேலையில் பாதி, பக்கம் திரும்பும் இடத்தில்தான் நடக்கிறது. இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு பெண் எதையோ பார்த்து உறைந்து நிற்பாள். எதைப் பார்த்தாள் என்பது தாளைத் திருப்பினால்தான் தெரியும். அந்த ஒரு நொடிதான் அவர்களுடைய கையில் இருக்கும் ஆயுதம். சினிமாவில் இசை செய்வதை இங்கே உங்கள் கட்டைவிரல் செய்கிறது. அப்புறம், படத்துக்குள் வரைந்திருக்கும் ஒலி எழுத்துகளைத் தாண்டிப் போகாதீர்கள். நம் காமிக்ஸில் ‘டுமீல்’ வருவதுபோல அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நிசப்தத்துக்குக்கூட ‘ஷீன்’ என்று ஒரு ஒலி உண்டு.

ஷோனென், ஷோஜோ, செய்னென் என்பவற்றைக் கதை வகைகளாக நினைப்பதும் சரியல்ல. மங்கா தொடராக வரும் பத்திரிகை யாருக்காக நடத்தப்படுகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள் அவை: பையன்கள், சிறுமிகள், வளர்ந்த ஆண்கள். ‘ஷோஜோவா? காதல் கதை, நமக்கெதுக்கு’ என்று ஒதுக்குபவர் எதை இழக்கிறார் தெரியுமா? பல் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டிருந்த இட்டோ 1987இல் அறிமுகமான ‘டோமியே’, வெட்ட வெட்ட முளைத்து வரும் பெண்ணின் கதை, சிறுமிகளுக்கான ‘மந்த்லி ஹாலோவீன்’ இதழில்தான் வந்தது. அவருக்கு ஆதர்சமான கசுவோ உமேசுவும் சிறுமிகள் பத்திரிகைகளில் பேயை உலவவிட்டவர்தான்.

அமெரிக்கப் பேய்க் காமிக்ஸ் பக்கம் வந்தால், ‘அதெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதன் வேர் 1954இல் இருக்கிறது. ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், இளங்குற்றவாளிகளை உருவாக்குவது காமிக்ஸ்தான் என்று ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்க செனட் விசாரணை வைத்தது. பேய் இதழ்கள் வெளியிட்ட இசி காமிக்ஸ் நிறுவனத்தின் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ் சாட்சி சொல்லப் போனார். ஒரு கையில் கோடரியும் மறு கையில் பெண்ணின் வெட்டிய தலையும் இருக்கும் அட்டைப்படத்தைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார்கள். பேய்க் காமிக்ஸின் அட்டைக்கு நல்ல ரசனைதான், தலையை இன்னும் தூக்கிப் பிடித்து கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் கெட்ட ரசனை என்கிற மாதிரி பதில் சொன்னார் மனுஷர். உண்மையைத்தான் சொன்னார், சொன்ன இடம்தான் சரியில்லை.

இங்கே இன்னொரு தவறும் ஒட்டிக்கொண்டு வருகிறது: அரசாங்கம் சட்டம் போட்டுத் தடை செய்தது என்பது. அமெரிக்காவில் அப்படி நாடு தழுவிய சட்டம் எதுவும் வரவில்லை. பயந்துபோன பதிப்பாளர்களே சங்கம் சேர்ந்து ‘காமிக்ஸ் கோட்’ என்று ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்களே கூடாது என்றது அது. அந்த விதிக்கு உட்பட்டது என்ற முத்திரை இல்லாத இதழை விநியோகஸ்தர்கள் தொட மறுத்தார்கள். போலீஸ் வராமலே கடை காலியானது. இசியின் பேய் இதழ்கள் மூன்றும் நின்றன. கெய்ன்ஸ் தன் நகைச்சுவை இதழான ‘மேட்’டை 1955இல் பெரிய அளவுப் பத்திரிகையாக மாற்றி அந்த விதியின் பிடியிலிருந்து வெளியே போனார். வெர்தமின் ஆதாரங்கள்? கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய குறிப்புகளையே எடுத்துப் பார்த்து, சிறுவர்கள் சொன்னதை அவர் வெட்டியும் ஒட்டியும் மாற்றியும் எழுதியிருப்பதை 2012இல் வெளியிட்டார்.

இதே நாடகம் 1985இல் ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசைக்கும் அரங்கேறியது. பாடல் வரிகள் பற்றி செனட் விசாரணை. ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகர் டீ ஸ்னைடர், சடைமுடியும் கையில்லாத ஜீன்ஸ் சட்டையுமாகப் போய் உட்கார்ந்தார். அவருடைய பாடல் ஒன்று வக்கிரமான பாலியல் வன்முறையைப் பற்றியது என்று குற்றச்சாட்டு. அது தங்கள் கிதாரிஸ்டின் தொண்டை அறுவை சிகிச்சை பயத்தைப் பற்றியது என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. சத்தத்தைக் கேட்டு அர்த்தத்தை ஊகித்தால் இப்படித்தான் ஆகும்.

மெட்டலின் அந்தக் கனத்த ஒலியே சாத்தான் தந்தது என்று நினைப்பவர்களுக்கு பர்மிங்காம் தகரத் தொழிற்சாலையின் கதையைச் சொல்லலாம். பின்னாளில் பிளாக் சப்பாத் குழுவின் கிதாரிஸ்டான டோனி ஐயோமிக்கு அப்போது 17 வயது. இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல்நுனிகள் போயின. அவர் இடக்கைப் பழக்கக்காரர், ஆகவே கிதார் கம்பியை அழுத்த வேண்டியது அந்தக் கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைப் போட்டார். பிற்பாடு சுருதியையும் இறக்கினார், கம்பி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும். 1970இல் பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு மெட்டல் குழுவும் அந்தக் காயத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

சரி, கச்சேரியில் எல்லாரும் காட்டுகிறார்களே அந்தக் கொம்பு முத்திரை? அதைப் பரப்பியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. இத்தாலிய வம்சத்துப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டுவாராம், அதைத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். அதாவது சாத்தானை அழைப்பதற்கல்ல, திருஷ்டி சுற்றுவதற்கு. நம் பாட்டி உப்பு மிளகாய் சுற்றுவாள், அந்தப் பாட்டி விரலை நீட்டினாள். ஒரே எச்சரிக்கை: கட்டைவிரல் நடு விரல்கள் இரண்டின் மேல் மடங்கியிருக்க வேண்டும். அதையும் நீட்டினால் அமெரிக்க சைகை மொழியில் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ ஆகிவிடும். சரியாக மடக்கினாலும் நம் ஊரில் பாபா முத்திரை என்றுதான் சொல்வார்கள், அதற்கு என்னால் எதுவும் செய்ய முடியாது.

கடைசியாக, பெயர்க் குழப்பங்கள். ‘ஹெவி மெட்டல்’ என்ற பழைய இதழைப் பார்த்து இசைப் பத்திரிகை என்று வாங்கிவிடாதீர்கள். 1977இல் தொடங்கிய அது, ‘மெட்டால் உர்லான்’ என்ற பிரெஞ்சு இதழின் வழியில் வந்த அறிவியல் புனைவு, மாயக்கதைக் காமிக்ஸ். அதேபோல ‘ஜோஜோ’ மங்காவின் ஆங்கில வடிவத்தில் வரும் ‘மெட்டாலிக்’, ‘டெட்லி குவீன்’ போன்ற சக்திகளின் பெயர்களை, அதை வரைந்த ஹிரோஹிகோ அராகி வைத்தவை என்று நம்பாதீர்கள். அவர் வைத்தது மெட்டாலிகா (ஒரு மெட்டல் குழுவின் பெயர்), கில்லர் குவீன் (குவீன் குழுவின் பாட்டு). உரிமைத் தகராறுக்குப் பயந்து மொழிபெயர்ப்பில் மாற்றினார்கள். அராகி 1987இல் தொடங்கிய அந்தக் கதையின் முதல் வில்லன் கல் முகமூடியை அணிந்து ரத்தக் காட்டேரியாக மாறுவான். அவன் பெயர் டியோ. ஆமாம், அந்தப் பாடகரின் பெயர்தான். பாட்டியின் பேரனைக் கேட்கலாம் என்று இணையத்தில் ‘டியோ’வைத் தேடினால் பல நேரம் மஞ்சள் முடிக் காட்டேரிதான் முதலில் வந்து நிற்கிறது.